அப்பாவின் காதும் அம்மாவின் கொண்டை ஊசியும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். முட்டியில் ஆரம்பிக்கும், சர்க்கரைக்குப் போகும், கண்ணாடி பவர் ஏறின கதைக்கு வரும். காதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டோம். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, இப்போதெல்லாம் எவரும் சரியாக உச்சரிப்பதில்லை என்று குறை சொல்லிவிட்டு எழுந்து போவோம். நானும் அப்படித்தான் கொஞ்ச நாள் ஓட்டினேன். பிறகு மகள் விடவில்லை, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இடது காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதில்லை, அறிவிப்புச் செய்கிறார். "காபி ஆறுது" என்று அவர் கூடத்திலிருந்து சொன்னால் எதிர்வீட்டு அம்மாள் தன் டம்ளரைத் தொட்டுப் பார்க்கிறாள். அக்கறையில் கத்துகிறவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கோடை விடுமுறை முழுக்க இதே கூத்து நடந்தது. அப்போது கத்தியது நாங்கள், கேட்டுக்கொண்டது அப்பா. அந்தக் கதையைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் அப்பா கார் மெக்கானிக். தெருவைப் பார்த்து ஷெட், அதன் பின்சுவரை ஒட்டி வீடு. இரண்டு பக்கமும் தறி வீடுகள். காலையில் கண் விழிக்கும்போதே தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே அப்பாவின் இன்ஜின் சத்தம் ஏறும். அம்மா வீட்டுக்குள் உட்கார்ந்து பக்கத்துத் தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். ராட்டையைச் சுற்றினால் பட்டு நூல் சின்னக் குழலில் ஏறும், அவ்வளவுதான் வேலை. கவனம் சிதறினால் நூல் அறுந்துவிடும் என்பதால் யாரோடும் அதிகம் பேச மாட்டாள்.

பேசினாலும் கேட்காது. அம்மாவுக்குக் குரல் அத்தனை சின்னது. பள்ளிக்கூடத்தில் அவள் 'உள்ளேன் ஐயா' சொன்னது வாத்தியாருக்குக் கேட்காமல் வகுப்பில் உட்கார்ந்தபடியே பல நாள் ஆப்சென்ட் ஆனவள். கடைத்தெருவில் அவள் கேட்கிற சாமானை நான்தான் இன்னொரு முறை உரக்கச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு மட்டும் கேட்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், அப்பாவின் தலை பானெட்டுக்குள் இருக்கும், அம்மா ஷெட் வாசலில் நின்று "சாப்பிட வர்றீங்களா?" என்பாள். பக்கத்தில் நிற்கிற எனக்கே பாதிதான் காதில் விழும். அப்பா நிமிராமல் "இதோ முடிச்சிட்டேன்மா" என்பார். ஊரில் அப்பாவின் காதுக்குப் பெரிய பெயர் இருந்தது. இன்ஜின்களைக் கேட்டுக் கேட்டு வந்த காது என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவைக் கேட்டுக் கேட்டு வந்தது என்பது என் கட்சி.

அந்தப் பெயர் எதனால் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பழைய பெட்ரோல் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று உண்டு. எங்கள் ஷெட்டில் அதைச் சுருக்கி 'டிஸ்டிபூட்டர்' என்பார்கள். தேங்காய் மூடி அளவில் பழுப்பு நிறத்தில் ஒரு மூடி, அதிலிருந்து தடித்த ஒயர்கள் ஒவ்வொரு பிளக்குக்கும் போகும். எந்தப் பிளக்குக்கு எப்போது தீப்பொறி என்று பங்கு வைப்பது அதன் வேலை. அதைப் பிடித்து லேசாக ஒரு பக்கம் திருப்பினால் பொறி சீக்கிரம் வரும், மறுபக்கம் திருப்பினால் தாமதமாக வரும். சீக்கிரம் வந்தால் வண்டி நின்ற இடத்தில் துள்ளும், ஏற்றத்தில் உள்ளேயிருந்து கலகலவென்று சத்தம் போடும். அப்பா அதைச் சோழி குலுக்குகிற சத்தம் என்பார். தாமதமானால் இழுவை இருக்காது, சூடாகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் அப்பா காதால் கண்டுபிடிப்பார்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து ஆக்சிலேட்டரை ஒரே அளவில் மிதிக்கச் சொல்வார். கால் எட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் பழைய சீட் மெத்தை ஒன்றைச் சொருகுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவார். சத்தம் மெல்ல ஏறும், ஏறி ஒரு நல்ல இடத்துக்கு வரும், அதைத் தாண்டினால் கரகரக்கும். கரகரப்பதற்கு முன்னால் நிறுத்தி, ஒரு நூல் அளவு பின்னால் இழுத்து நட்டை முறுக்குவார். மண்ணெண்ணெயும் சூடான ரப்பரும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது பழைய வண்டிப் பக்கம் போனால் என்னைப் பிடித்து நிறுத்திவிடும்.

எங்கள் ஷெட்டுக்கு வாடிக்கையாக வருபவர் கார்க்கார பாய். அவரிடம் வெள்ளை அம்பாசிடர் ஒன்று இருந்தது. கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்களைக் கடை கடையாக ஏற்றி இறக்குவார். அத்தை, சித்தி, நாத்தனார் என்று எல்லோரும் மடியில் மடி வைத்து உட்கார்ந்துகொண்டு, வாங்கிய புடவை நன்றாக இருக்கிறதா என்று பாயிடமே அபிப்பிராயம் கேட்பார்கள். பாய் எந்தப் புடவையையும் மோசம் என்று சொன்னதில்லை.

அந்த அம்பாசிடரின் இன்ஜின் ஒரு சித்திரையில் உயிரை விட்டது. வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் வண்டி ஓடியாக வேண்டும். பாய் மெட்ராஸ் போய், ஜப்பான் காரிலிருந்து கழற்றிய பழைய இன்ஜின் ஒன்றை டெம்போவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே அதன் ஒயர் வேலை தெரிந்த ஆள் ஒருவரும் வந்தார். இன்ஜினைப் பார்த்தால் வீட்டு விசேஷத்துக்கு வந்த பணக்காரச் சொந்தக்காரர் மாதிரி இருந்தது. எங்கள் ஷெட்டில் எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை.

அதில் கார்புரேட்டர் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலை ஊசி போடுவதுபோலப் பீய்ச்சுகிற சின்னச் சின்ன மூக்குகள் இருந்தன. அவற்றிலிருந்து ஒயர்கள் ஜடை ஜடையாகக் கிளம்பி ஓர் அலுமினிய டப்பாவுக்குள் போயின. "இதான் கம்ப்யூட்டரு" என்று ஒயர்க்காரர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்றோம். டப்பாவை டேஷ்போர்டுக்கு அடியில் திருகிவிட்டு, எந்த ஒயரும் கண்ணில் படாதபடி கறுப்பு டேப் சுற்றி, மாலை கட்டுவதுபோல நேர்த்தியாக வேலையை முடித்தார் அவர். அப்பாவே ஒரு முறை தடவிப் பார்த்துப் பாராட்டினார். மெட்ராஸுக்குப் பஸ் ஏறும்போது ஒயர்க்காரர், "மத்ததெல்லாம் டப்பா பாத்துக்கும்ணே. டிஸ்டிபூட்டர மட்டும் ஒரு வாட்டி செட் பண்ணிக்குங்க, அது உங்களுக்குத் தெரியாததா" என்றார்.

தெரியாததா என்ன? பாய் ஊதுபத்தி ஏற்றினார். நான் என் மெத்தையோடு சீட்டில் ஏறினேன். முதல் சாவியிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அத்தனை மெதுவான சத்தத்தை எங்கள் ஷெட் அதுவரை கேட்டதில்லை. அப்பா கண்ணை மூடி இரண்டு விரலால் திருப்பினார்.

கொஞ்ச நேரம் திருப்பினார். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"பாப்பா, சத்தம் ஏறுதா, எறங்குதா?"

"ஏறுதுப்பா. ஏறிட்டு உடனே எறங்கிடுது."

"நான் திருப்பினது திருப்பினபடியேதானே இருக்குது. அப்புறம் சத்தம் எப்படிமா பழைய எடத்துக்கே வரும்?"

அந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் இருந்திருக்கலாம், ஆனால் அவருக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியிருக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஏதோ ஓர் இடத்தில் வைத்து நட்டை முறுக்கினார்.

வண்டி சரியானதும் வாலாஜாபாத் தாண்டிப் பாலாற்றுப் பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் டாப் கியரிலேயே மிதித்தால் இன்ஜின் தன் குற்றம் குறையெல்லாம் சொல்லிவிடும். பாய் ஓட்டினார், அப்பா இடது பக்கம் ஜன்னலில் முழங்கையை வைத்து உட்கார்ந்திருந்தார், நான் பின்னால். ஏற்றத்தில் இடது ஓரமாக இரைந்துகொண்டு ஏறிய லாரி ஒன்றைத் தாண்டினோம். பாய் தலையைச் சாய்த்தார்.

"இன்னா மேஸ்திரி, சோழி குலுக்குதே?"

அப்பா திடுக்கிட்டவர்போல உள்ளே திரும்பினார். "ஆமா பாய். எனக்கு இப்பதான் கேக்குது."

வேறொருவர் சொல்லி அப்பா ஒரு சத்தத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜன்னல் காற்றும் லாரியும் அவர் பக்கம் இருந்தன என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்று வண்டிக்குள் யாருக்கும் தோன்றவில்லை. பாய் வழியெல்லாம் வேறு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். மனுஷரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அவர் அப்படிப் பேசியதே அப்பாவின் மனசிலிருந்த சந்தேகம் உறுதிப்படப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா தினமும் அந்த வண்டியோடு மல்லுக்கு நின்றார். திருப்புவார், நட்டை முறுக்குவார், பாய் ஓட்டிப் போய்த் திரும்பி வந்து உதட்டைப் பிதுக்குவார். ஒரு நாள் ஏற்றத்தில் சோழி, மறுநாள் இழுவையே இல்லை. நின்ற இடத்தில் மட்டும் எப்போதும் ஒரே சத்தம், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சத்தம். அப்பா மற்ற வண்டிகளைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார். யாராவது வந்தால், "வேற எடத்துல காட்டிக்கப்பா, எனக்கு வேல இருக்குது" என்று அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

சும்மா உட்காரவும் இல்லை, தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தறி நின்றால் "நூல் அறுந்துடுச்சா, சாப்பிடப் போயிட்டாரா?" என்று என்னைப் பார்த்துவரச் சொல்வார். முன்பெல்லாம் நின்ற விதத்தை வைத்தே அவர் சொல்லிவிடுவார். கருடசேவை வந்தது. வழக்கமாக நாயனச் சத்தம் எந்தத் தெரு திரும்புகிறது என்று அப்பாதான் சொல்வார், நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவோம். அந்த வருஷம் அப்பா என் தோளைத் தொட்டு, "எங்க வந்துகினு இருக்குது பாப்பா?" என்று கேட்டார். அவர் கை குளிர்ந்திருந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் ஒருவருக்குக் கை குளிருமா என்று நான் அம்மாவைக் கேட்டேன்.

அம்மா அன்று மத்தியானம் சாப்பாடு போடும்போது அவரிடம் நேராகக் கேட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"காது போய்க்கினு இருக்குது. திருப்பறேன், சத்தம் ஏறுது. ஆனா ஏறின சத்தத்தப் புடிச்சி வச்சிக்கற தெம்பு காதுக்கு இல்ல. உடனே விட்டுடுது."

அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். நான் அழுதேன். எதற்கென்று தெளிவாகத் தெரியாமல்தான் அழுதேன்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. அம்மா கத்தினாள். ஆயுசில் கத்தாதவள், கத்தத் தெரியாமல் கத்தினாள். குரல் உடைந்து, பாதியில் இருமல் வந்து, கழுத்து நரம்பு புடைத்து, "சா...ப்பி...ட வாங்க!" என்பாள். தறி வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அப்பாவின் காதருகில் போய்க் கத்தினேன். பாய் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். தேநீர்க்கடைக்காரர்கூட "மேஸ்திரி, டீ!" என்று தெருவே அதிரும்படி கூப்பிட்டார். அப்பாவுக்கு எல்லாமே நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் கத்தினால் மெதுவான பேச்சு கேட்கிறதா இல்லையா என்று ஒரு மனிதர் எப்படித் தெரிந்துகொள்வார்?

ஒரு தரம் அம்மா கத்தி முடித்து மூச்சு வாங்க நின்றபோது அப்பா அவள் கையைப் பிடித்தார்.

"கத்தாதம்மா, தொண்ட புண்ணாயிடும். நீ எப்பவும்போல மெதுவாவே பேசு. கேக்கலன்னா நான் கிட்ட வரேன்."

அம்மா உள்ளே போய் ராட்டையைச் சுற்றினாள். அன்று நூல் திரும்பத் திரும்ப அறுந்தது.

அதற்குள் அப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். ஷெட்டை வேறொரு மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதாகப் பேச்சு. "மில்லுக்குள்ள அந்த இரைச்சல்ல எவனுக்குக் காது கேக்குது? எல்லாரும் கையால ஜாட பேசிக்கறாங்க. எனக்குத் தோதான எடம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாகத் துணி மேல் அடுக்கினார். வேலை முடிந்த சாயங்காலத்தில் செய்கிற காரியம் அது. காலையில் செய்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

மில்லுக்குப் போகும் முன்னால் ஒரு தடவை காது டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். மூன்று பேரும் போனோம். டாக்டர் அப்பாவின் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி, சின்னதாக 'பீப்' கேட்கும் போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார். அப்பா பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்து தூக்கிக்கொண்டே இருந்தார். டாக்டர் பட்டனை அழுத்தாதபோதும் ஒரு தடவை கை உயர்ந்தது.

"இப்போ நான் எதுவும் அழுத்தலையே?"

"மேல ஃபேன்ல பேரிங் போவுது சார். கிரீஸ் வைக்கணும்."

டாக்டர் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "உங்க காதுக்கு ஒண்ணுமே இல்ல. என் காதைவிட நல்லா இருக்கு. தைரியமா வீட்டுக்குப் போங்க."

நாங்கள் சந்தோஷமாக வெளியே வந்தோம். அப்பா மட்டும் நம்பவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்துவிட்டு, "அவரு காதே சரியில்லன்னு அவரே சொல்றாரு. அப்புறம் எங்காத எப்படிப் பாத்திருப்பாரு?" என்றார். டாக்டர் சொன்னது ஒரு பேச்சு, இன்ஜின் சொன்னது சத்தியம். அவருடைய வாழ்க்கையில் அதுவரை எந்த இன்ஜினும் பொய் சொன்னதில்லை.

அம்மா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கினதும் வீட்டுக்கு வரவில்லை, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பாய் வீட்டுக்கு நடந்தாள். பாய் பதறி எழுந்து, நாற்காலி போட்டு, கையை ஆட்டி ஏதோ கேட்கப் போனார். அம்மா தன் பழைய குரலில் பேசினாள். பாய் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணே, அவர் காது நல்லாருக்குதாம். அது நல்லாருக்குதுன்னா கொற அந்த இன்ஜின்லதான் இருக்குது. அந்த ஒயர்க்காரர வரச் சொல்லுங்க."

"அரே, இன்ஜின் புதுசு மாதிரி இருக்குதேமா."

"எங்க வீட்டுக்காரரும்தான் புதுசு மாதிரி இருக்காரு. வரச் சொல்லுங்கண்ணே."

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பாய் அடுத்த பஸ்ஸில் மெட்ராஸ் கிளம்பினார்.

ஒயர்க்காரர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பாய் தொழுகைக்குப் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். அப்பா ஸ்டூலை விட்டு எழவில்லை. ஒயர்க்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திருப்பினா சத்தம் திரும்பி வந்துடுதா? நீங்க பின்ன ஜாயின்ட் பண்ணிட்டுத்தானே திருப்பினீங்க?" என்றார்.

"எந்தப் பின்னு?"

அந்த மனுஷரின் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. பானெட்டுக்குள் குனிந்து, தான் அத்தனை நேர்த்தியாகச் சுற்றிய டேப்பைத் தானே பிளேடால் கிழித்தார். உள்ளேயிருந்து கட்டைவிரல் நகம் அளவில், ஒயர் முனையில் மாட்டுகிற பிளக் ஒன்று வெளியே வந்தது. அதன் முகத்தில் இரண்டு ஓட்டை. அது எதோடும் சேராத பிளக் என்பதால், தொங்கினால் அசிங்கமாக இருக்கும் என்று மற்ற ஒயர்களோடு சேர்த்துச் சுற்றி மறைத்துவிட்டிருக்கிறார்.

"அண்ணே, மன்னிச்சிக்குங்க. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன். இந்த ரெண்டு ஓட்டையையும் ஒரு கம்பியால சேத்தாதான் டப்பா கைய எடுக்கும். சேக்கலன்னா நீங்க இந்தப் பக்கம் இழுப்பீங்க, அது உடனே அந்தப் பக்கம் இழுத்துப் பழைய சத்தத்துலயே கொண்டாந்து நிறுத்தும். நிக்கறப்ப ஒண்ணும் தெரியாது, ஏத்தத்துலதான் காட்டிக் குடுக்கும். காதால யாரும் புடிக்க முடியாதுண்ணே. சாமியே வந்தாலும் முடியாது."

அப்பா மெதுவாக ஸ்டூலிலிருந்து எழுந்தார். "அப்ப பாப்பா சொன்னது சரிதானா? ஏறிட்டு எறங்குச்சா?"

"அதான் சொல்றேனே. ஏறும், டப்பா எறக்கிடும்."

ஓட்டைகள் சின்னவை. ஷெட்டில் கிடந்த ஒயரெல்லாம் தடிமனாக இருந்தது, ஆணியும் நுழையவில்லை. எல்லோரும் தரையைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி நீட்டினாள். வளைந்த கொண்டை ஊசி, இரண்டு கால் உள்ளது. ஒயர்க்காரர் கறுப்புப் பூச்சைப் பிளேடால் சுரண்டிவிட்டு இரண்டு காலையும் இரண்டு ஓட்டையில் சொருகினார். செய்து கொடுத்ததுபோலப் பொருந்தியது.

நான் மெத்தையோடு சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். அப்பா கண்ணை மூடவில்லை. இரண்டு விரலை வைத்தார், திருப்பினார்.

இன்ஜின் ஏறியது. ஏறின இடத்தில் நின்றது. அப்பா கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். சத்தம் இறங்கவில்லை. மறுபக்கம் திருப்பினார், சோர்ந்து இறங்கியது. மறுபடி இந்தப் பக்கம், ஏறியது. தேவைக்கு மேலேயே அப்படியும் இப்படியுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். யாரும் போதும் என்று சொல்லவில்லை. பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டியபோது எனக்கு அவர் முகம் தெரிந்தது. கண்ணீர் மூக்கு ஓரமாக இறங்கி மீசையில் நின்றிருந்தது, அதைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. எனக்கு அப்போதே கீழே குதித்துப் போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆக்சிலேட்டரை விட்டால் சத்தம் மாறிவிடுமே என்று காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒயர்க்காரர், பொறி எப்போது வருகிறது என்று காட்டுகிற டைமிங் லைட்டை மாட்டி இன்ஜின் சக்கரத்தில் அடித்துப் பார்த்தார். அப்பாவின் காது சொன்ன இடத்துக்கும் சக்கரத்தில் போட்டிருந்த கோட்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருந்தது. "கோடு சொல்றபடியே இருக்கட்டும். அதுவும் நம்ம சொந்தக்காரன்தான்" என்று அப்பா கோட்டுக்கே வைத்து நட்டை முறுக்கினார்.

பாய் ஒயர்க்காரரைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. அம்மா ஒரு கையால் அவிழ்ந்த கொண்டையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். அப்பா அவளுக்கு முதுகைக் காட்டி பானெட்டுக்குள் குனிந்திருந்தார். அம்மா எப்போதும்போல, அந்தச் சின்னக் குரலில் சொன்னாள்.

"ஊசியக் குடுங்க. முடி அவுருது."

அப்பாவின் கை உடனே போய்க் கொண்டை ஊசியைப் பிளக்கிலிருந்து உருவியது. அதைச் சட்டையில் துடைத்தது. அதற்குப் பிறகுதான் அவர் திரும்பினார்.

"ஆங்? இன்னா சொன்ன?"

"ஊசியக் குடுங்கன்னேன்."

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே அப்பா பக்கத்தில் நடந்து வந்தார். "கேக்கல."

"முடி அவுருதுங்க..."

"இன்னும் கேக்கல" என்று சொல்லிக்கொண்டே அவள் வாயருகில் காதைக் கொண்டுபோய் நின்றார். அம்மா அவர் கையில் துடைத்து வைத்திருந்த ஊசியைப் பார்த்தாள். அவர் மீசையையும் பார்த்தாள். அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்டது.

அன்று சாயங்காலம் பாலத்தில் ஏறினோம். சோழி குலுங்கவில்லை. அப்பா ஜன்னலில் முழங்கை வைத்து வாலாஜாபாத் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார், மில்லுக்கு நேராகப் போய் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கொண்டை ஊசி அம்மாவிடம் திரும்பி வரவேயில்லை. அப்படிப்பட்ட இன்ஜின்கள் ஊரில் பெருகியபோதெல்லாம் அது ஸ்பேனர் பெட்டியிலிருந்து வெளியே வரும், வேலை முடிந்ததும் துடைத்து உள்ளே போகும். அம்மாவுக்கு அப்பா புது ஊசிகளை அட்டையோடு வாங்கிக் கொடுத்தார். அப்பா போன பிறகு பெட்டியை நாங்கள் பிரித்துப் பார்த்தோம். ஸ்பேனரெல்லாம் இருந்தன. ஊசியைக் காணவில்லை. இப்போது டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாத வண்டிகள் ஓடுகின்றன, ஊசி கிடைத்தாலும் சொருக இடம் ஏது?

நான் மெஷின் வாங்கிவிட்டேன். போன வாரம்தான் மாட்டினேன். ஃப்ரிட்ஜ் முனகுவதும் எதிர்வீட்டு அம்மாள் டம்ளர் வைப்பதும் எல்லாம் கேட்கிறது. என் வீட்டுக்காரரிடம் இனிமேல் கத்த வேண்டாம், மெதுவாகவே பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாவம், பழக்கம் விட்டுப் போய்விட்டது, ரொம்பவும் மெதுவாகப் பேசுகிறார். நேற்று கூடத்திலிருந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். தெளிவாகக் கேட்டது.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

எழுந்து பக்கத்தில் வந்தார்.